ஊரைப் பார்க்காமல் எழுதியவர்

1

எங்கள் ஊருக்கு வெளியாட்கள் இரண்டு காரணங்களுக்காக வருவார்கள். ஒன்று, ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை நடக்கும் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். இன்னொன்று, அரிக்கமேடு. தேருக்கு வருகிறவர்கள் வீராம்பட்டினத்துக்கு வருகிறார்கள். அரிக்கமேட்டுக்கு வருகிறவர்களுக்கு வீராம்பட்டினம் என்று ஒரு ஊர் இருப்பதே பாதி நேரம் தெரியாது. ஆற்றங்கரைத் தோப்புக்குள் போய், செங்கல் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, "ரோமானியர் கட்டிய இடம்" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தத் தூண்கள் ரோமானியர் கட்டியவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனரிகள் கட்டிய வீட்டின் மிச்சம். ரோமோடு தொடர்புள்ளதெல்லாம் காலுக்குக் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது. நின்றுகொண்டிருப்பதைத் தப்பாகப் படிக்கிறோம், புதைந்திருப்பதைப் படிப்பதே இல்லை. நான் எழுத நினைப்பது ஏறக்குறைய இதைப் பற்றித்தான். ஆனால் தூண்களைப் பற்றி அல்ல, புத்தகங்களைப் பற்றி.

கல்லூரியில் படிக்கும்போதுதான் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன். 1945இல் இங்கே தோண்டியவர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்தவர். நன்றாக எழுதக்கூடியவர், அதில் சந்தேகமே இல்லை. ஒரு பத்தியில் ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முந்தைய அரிக்கமேட்டைக் கற்பனை செய்து காட்டுகிறார். எளிய மீனவர்கள். கடலிலும் கழியிலும் மீன் பிடிக்கிறார்கள், கரையில் நத்தை பொறுக்குகிறார்கள், கள் இறக்குகிறார்கள். பெரிதாக எதற்கும் முயலாத, சோம்பலான, வயிற்றுப்பாட்டுக்கு மேல் போகாத வாழ்க்கை. அப்புறம் திடீரென்று, நினைத்தே பார்க்க முடியாத தூரத்திலிருந்து, மதுவும் மெருகேற்றிய தட்டுகளும் விளக்குகளும் கண்ணாடியும் வந்து இறங்குகின்றன. தூக்கம் கலைகிறது.

அதைப் படித்தபோது முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். அவர் சொல்கிற அந்த எளிய மீனவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். என் தாத்தா, மாமா, அத்தை, தெருக்கோடியில் வலை பின்னுகிற கிழவர். அவர்களைப் பற்றி ஒரு பெரிய மனுஷன் இங்கிலீஷில் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அந்த வெட்கம் போக எனக்குச் சில வருஷங்கள் ஆயின. போகவைத்தது ஒரு கிரேக்க நூல்.

2

அதன் பெயர் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்'. பெரிப்ளூஸ் என்றால் கரையைச் சுற்றிய கடற்பயணம். எரித்ரேயக் கடல் என்று அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் சொன்னது செங்கடலை மட்டுமல்ல, அரபிக்கடல், வங்காள விரிகுடா எல்லாம் சேர்த்து. எழுதியவர் பெயர் தெரியாது. எகிப்தில் வாழ்ந்த, கிரேக்கம் பேசிய ஒரு வணிகர் என்பது மட்டும் நூலுக்குள்ளிருந்தே தெரிகிறது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. மொத்தம் 66 சிறிய அத்தியாயங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

இந்த நூல் பிழைத்ததே பெரிய விஷயம். 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி ஹைடல்பர்க்கில் இருக்கிறது. பிறகு அதைப் பார்த்து எழுதிய ஒரு பிரதி லண்டனில். அவ்வளவுதான். 1533இல் பாசல் நகரத்தில் முதன்முதலாக அச்சானது. 1912இல் ஷாஃப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் நம் ஊர் வரலாற்றாசிரியர்கள் நீண்ட காலம் கையில் வைத்திருந்தார்கள். 1927இல் யால்மார் ஃபிரிஸ்க் மூலத்தைச் செம்மைசெய்து பதிப்பித்தார். 1989இல் லயனல் காஸன் மூலம், மொழிபெயர்ப்பு, விரிவான உரை மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார். நான் படித்தது காஸன் வழியாக. சங்கப் பாட்டுக்கு ஏட்டிலிருந்து ஏட்டுக்கு மாற்றி எழுதிய பெயர் தெரியாத கைகள் எப்படியோ, இதற்கும் அப்படித்தான். ஒரு கை சோம்பல்பட்டிருந்தால் நம் கையில் எதுவும் இருந்திருக்காது.

தமிழில் இந்த நூலின் பெயர் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அதைப் படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் நாம் அதைச் சான்றிதழாகத்தான் வைத்திருக்கிறோம். முசிறி வருகிறதா, வருகிறது. மிளகு வருகிறதா, வருகிறது. கொற்கை முத்து, குமரி, எல்லாம் வருகிறது. சரி, மேற்கோள் போட்டாச்சு, மூடி வை. ஒரு பிரதியை இப்படி வாசிப்பதற்குப் பெயர் வாசிப்பு இல்லை. அது சரிபார்ப்பு.

பிரதியாக வாசித்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வறண்ட நடை. ஒரு துறைமுகம், அடுத்த துறைமுகத்துக்கு எவ்வளவு தூரம், அங்கே என்ன விற்கலாம், என்ன வாங்கலாம், எந்த மாதம் கிளம்ப வேண்டும், எங்கே நங்கூரம் பிடிக்காது. உவமை கிடையாது, வர்ணனை கிடையாது. முசிறிப் பக்கத்துக்கு வந்தால் ஒரு பெரிய பட்டியல். இறக்குமதி: காசு, நிறையக் காசு, துணி, பவளம், கண்ணாடி மூலப்பொருள், செம்பு, தகரம், ஈயம், மது. ஏற்றுமதி: மிளகு, முத்து, தந்தம், பட்டு, ஆமையோடு, ரத்தினங்கள். இதை எழுதியவருக்கு இலக்கியம் செய்யும் ஆசையே இல்லை. அடுத்த கப்பலில் போகிறவன் ஏமாறக் கூடாது, அதுதான் அவர் கவலை.

ஆனால் அந்தப் பட்டியல்களுக்கு நடுவே சில வாக்கியங்கள் கண் விழிக்கின்றன. குமரியைச் சொல்லும்போது, துறவு வாழ்க்கையை மேற்கொள்ள விரும்பும் ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடுகிறார்கள், ஒரு பெண்தெய்வம் அங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்கிறார். விற்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இருந்தாலும் எழுதியிருக்கிறார். கொற்கையைச் சொல்லும்போது, முத்துக் குளிப்பதற்குத் தண்டனை பெற்ற கைதிகளை இறக்குகிறார்கள் என்று ஒரே ஒரு வரி. நாம் பெருமையாக எடுத்துக்காட்டும் கொற்கை முத்துக்குப் பின்னால் மூச்சடக்கிக் கீழே போன மனிதர்கள் யாரென்று இந்த வெளிநாட்டு வியாபாரி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். நம் மேற்கோள்களில் முத்து இருக்கும், அந்தக் கைதிகளைப் பெரும்பாலும் காணோம்.

3

60ஆம் அத்தியாயத்தில் எங்கள் ஊர் வருகிறது. கமரா, பொதுகே, சொபத்மா என்று வரிசையாக மூன்று துறைகள். கமரா காவிரிப்பூம்பட்டினம் என்பார்கள். சொபத்மா மரக்காணம் பக்கம் என்பது ஒரு கருத்து. பொதுகேயை அரிக்கமேடு என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு உலகத்தையே அளந்து எழுதிய தாலமியும் பொதுகேயை ஒரு வணிகத் துறை என்று குறித்துவைத்திருக்கிறார். புதுச்சேரியின் 'புது' அந்தப் பெயருக்குள் இருக்கிறது என்பவர்கள் உண்டு. அகநானூற்றில் உப்புக் குவியலோடு வருகிற வீரை என்ற துறை எங்கள் ஊர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. பெயர்களை வைத்து ரொம்ப தூரம் போக வேண்டாம். அந்த அத்தியாயத்தில் பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

மூன்று வகைக் கலங்களை அவர் சொல்கிறார். கரையோரமாகவே மேற்குக் கடற்கரைவரை போகிற உள்ளூர்க் கலங்கள். மிகப் பெரிய ஓடங்களை நுகம் வைத்ததுபோல ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த 'சங்கரா'. அப்புறம் கங்கைக்கும் பொன்னாடு என்று அவர்கள் அழைத்த கீழை நாடுகளுக்கும் கடல் கடந்து போகிற மிகப் பெரிய கப்பல்கள். அவற்றுக்கு 'கொலந்தியோஃபொந்தா' என்று ஒரு விசித்திரமான பெயர்.

ஒரு மழைக்கால மத்தியானம். கடலுக்குப் போக முடியாமல் மாமா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"யாரு எழுனது?"

"ஒரு யாவாரி மாமா. எகிப்துக்காரன். ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."

"நம்ம ஊருக்கு வந்தானா?"

"தெரியல. சங்கரான்னு ஒரு கலம் சொல்றான். ரெண்டு ஓடத்த சேத்துக் கட்டுனது."

மாமா ஊசியை நிறுத்தவில்லை. "மரத்த சேத்துக் கட்டுனா கட்டுமரம். ஓடத்த சேத்துக் கட்டுனா அது சங்காடம்டா. ஆத்த தாண்டுறதுக்குக் கட்டுவாங்க. இதுக்கு எகிப்துலேருந்து ஒருத்தன் வரணுமா?"

சங்கரா என்பது மலையாளக் கரையில் சங்ஙாடம், தமிழில் சங்காடம் என்று வழங்கும் இரட்டை ஓடமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் உரையில் எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்கு அது உரை இல்லை, சும்மா ஒரு வார்த்தை. கிரேக்க எழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜெர்மனியில் ஒரு நூலகத்தில் கிடந்த ஒரு சொல், திண்ணையில் வலை பொத்துகிறவர் வாயிலிருந்து அப்படியே வந்து விழுந்தபோது எனக்கு என்னவோ செய்தது. பெருமை என்று சொல்ல மாட்டேன். ஒரு தெரு தள்ளி இருப்பவரைப் பற்றி இருவரும் ஒரே மாதிரி பேசுவதைக் கேட்டதுபோல இருந்தது.

இன்னொன்றும் சொன்னேன். இதே நூலில் 57ஆம் அத்தியாயத்தில் ஹிப்பலோஸ் என்ற மாலுமி வருகிறார். கரையை ஒட்டியே போகாமல் நடுக்கடலில் நேராக இந்தியாவுக்கு வரும் வழியைக் கண்டுபிடித்தவர் அவர், அதனால் அந்தத் தென்மேற்குக் காற்றுக்கே அவர் பெயர் என்கிறது நூல். மாமா கேட்டுவிட்டு, "கச்சானுக்கா?" என்றார். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். கச்சான், வாடை, கொண்டல், சோழகம். எங்கள் காற்றுகளுக்குத் திசை உண்டு, குணம் உண்டு, கண்டுபிடித்தவர் கிடையாது. ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்த காற்றை ஒருவர் கண்டுபிடித்தார் என்று எழுதும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. நம் வணிகரிடமும் அந்தப் பழக்கம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

4

இப்போது வீலரிடம் திரும்பலாம்.

வீலருக்குப் பெரிப்ளூஸ் தெரியும். பொதுகே இதுதான் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அப்படியானால் 60ஆம் அத்தியாயம் அவர் கையில் இருந்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது? பொதுகேயில் நிற்பவை கிரேக்கக் கப்பல்கள் அல்ல, உள்ளூர்க் கலங்கள். மேற்குக் கரையிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்துபோகிறவர்கள் நிறுத்தும் துறை அது. எகிப்திலிருந்து வரும் காசும் மேற்குக் கரைச் சரக்கும் வருஷம் முழுக்க அங்கே வந்து சேர்கின்றன. கடல் கடந்து கீழை நாடுகளுக்குப் போகிற பெரிய கப்பல்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. இதுவா தூங்கிக் கிடந்த ஊர்? தூங்குகிறவன் கங்கைக்கும் கடாரத்துப் பக்கமும் எப்படிப் போவான்?

வீலருக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் தோண்டியெடுத்த இத்தாலிய மட்பாண்டம் உண்மை. அதை வைத்து மற்ற அடுக்குகளுக்குக் காலம் குறித்தது தென்னிந்தியத் தொல்லியலுக்கு அவர் செய்த பெரிய உதவி. அவர் கற்பனை செய்தது ரோமானியர் வருவதற்கு முந்தைய கிராமத்தை, பெரிப்ளூஸ் சொல்வதோ வணிகம் உச்சத்தில் இருந்த காலத்தை என்றும் அவருக்காக வாதாடலாம். ஆனால் அந்த வாதம் மண்ணில் நிற்கவில்லை. 1947 முதல் 1950 வரை இங்கே தோண்டிய ழான்-மரி கசால் தொடங்கி, 1989-92இல் தோண்டிய விமலா பெக்லிவரை வந்தபோது படம் மாறிவிட்டது. பெக்லி 1983லேயே, புதிதாகத் தோண்டுவதற்கு முன்பே, பழைய சான்றுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து அரிக்கமேட்டை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். ரோமானியச் சரக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஒரு குடியிருப்பு இருந்தது, வணிகம் இருந்தது. ரோமானியத் தொடர்பு குறைந்த பிறகும் மணி செய்கிற தொழில் நடந்தது. இங்கே செய்த சின்னக் கண்ணாடி மணிகள் கீழை நாடுகளுக்குப் போயிருக்கின்றன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் இதே மண்ணில் கிடைத்தவைதான்.

பெக்லி செய்ததை நான் ஒரு விமர்சகரின் வேலை என்பேன். புதுத் தகவல் வந்ததும் பழையவரைத் திட்டுவது சுலபம். அவரோ பழையவர் விட்டுப்போன அதே ஓடுகளை எடுத்து, அவர் கேட்காத கேள்வியைக் கேட்டார். 'ரோமானியர் எப்போது வந்தார்கள்' என்பது வீலரின் கேள்வி. 'இங்கே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்' என்பது பெக்லியின் கேள்வி.

இந்த மண்ணைப் பற்றி எழுதியவர்களின் வரிசையைப் பார்த்தாலும் இது தெரியும். 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க, லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிவிட்டது. வானம் ஏமாற்றிய அந்த மனிதர்தான் வீராம்பட்டினம் பக்கத்தில் பழைய இடிபாடுகள் இருப்பதைக் குறித்துவைத்தார். 1937 வாக்கில் ழூவோ-துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்கே கிடைத்த மணிகளையும் ஒரு தலை செதுக்கிய கல்லையும் வைத்து இது பெரிய இடம் என்று அறிவித்தார். அவருக்கு அந்தப் பொருள்கள் யாரிடமிருந்து கிடைத்தன? ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து. மழை பெய்து கரை அரித்தால் மணி பொறுக்கப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. முதலில் கண்டவர்கள் அவர்கள். எழுதியவர்கள் வேறு.

இங்கே நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு யூடியூபில் அரிக்கமேடு என்று தேடினால், ரோமானியர்களே நம்மைத் தேடி வந்தார்கள் என்ற முழக்கத்தோடு வீடியோக்கள் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இது வீலர் சொன்னதன் மறுபக்கம் இல்லையா? ரோம் வந்ததால் விழித்தார்கள் என்றார் அவர். ரோம் வந்ததால் நாங்கள் பெரியவர்கள் என்கிறோம் நாம். இரண்டிலும் அளவுகோல் ரோமின் கையில்தான் இருக்கிறது.

5

இந்த ஆசை எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்பதற்கு ஓர் எழுத்தின் கதையைச் சொல்கிறேன்.

பெரிப்ளூஸ் நம் மேற்குக் கரைப் பகுதியை 'லிமுரிகே' என்று அழைக்கிறது. தாலமியிடமும் அதே பெயர்தான். ஆனால் பொய்ட்டிங்கர் வரைபடம் என்று ஒரு பழைய ரோமானியச் சாலை வரைபடத்தின் நகல் இருக்கிறது. அதில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்று குறித்திருப்பார்கள். அந்த வரைபடத்தில் இந்தப் பெயர் 'ட' சத்தத்தோடு, 'டமிரிகே' என்பதுபோல இருக்கிறது. கால்டுவெல் இதைப் பிடித்துக்கொண்டார். டமிரிகே என்பதே சரி, அது தமிழகம், கிரேக்கப் பிரதிகளில் உள்ள லிமுரிகே பிழை என்றார். பிழை எப்படி வந்திருக்கும் என்பதற்கும் விளக்கம் உண்டு. கிரேக்கப் பெரிய எழுத்தில் லாம்டா ஒரு கூரை மாதிரி இருக்கும். அடியில் ஒரு கோடு போட்டு மூடினால் அதுதான் டெல்டா. பிரதி எடுத்தவர் அந்தக் கோட்டை விட்டிருந்தால் தமிழகம் லிமுரிகே ஆகிவிடும்.

அழகான ஊகம். ஒரே ஒரு கோட்டில் ஒரு நாடே ஒளிந்திருக்கிறது. முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஷாஃப் தன் மொழிபெயர்ப்பில் டமிரிகா என்றே போட்டுக்கொண்டார், தமிழில் எழுதியவர்கள் பலர் அதைக் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பதிப்பாசிரியர்களான ஃபிரிஸ்கும் காஸனும் பிரதியில் இருந்த லிமுரிகேயை மாற்றவில்லை. ஊகம் தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. சரியாகவே இருக்கலாம். ஆனால் பிரதியில் இருப்பதும் நாம் விரும்புவதும் வேறு வேறு என்று காட்டிவிட்டு, இரண்டையும் வாசகர் முன்னால் வைப்பதுதான் பதிப்பு நேர்மை. ஏட்டில் என்ன இருந்தது, வேறு ஏட்டில் என்ன பாடம் என்று அடிக்குறிப்பில் போட்ட உ.வே.சா.வின் பரம்பரையில் வந்த நமக்கு இதை ஒரு கிரேக்கப் பதிப்பாசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம்மைப் பற்றிய நல்ல வார்த்தை என்று வந்துவிட்டால் நமக்கு அடிக்குறிப்பு கண்ணில் படுவதில்லை.

6

கிரேக்கத்தைச் சான்றிதழாக இல்லாமல் வேறு மாதிரி பயன்படுத்திய தமிழர் ஒருவர் இருக்கிறார். க. கைலாசபதி. ஈழத்துக்காரர். 'தினகரன்' ஆசிரியராக இருந்தவர், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக வந்தது.

அவருடைய ஆசிரியர் ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் பேராசிரியர், ஈஸ்கிலஸ் பற்றி எழுதியவர், மார்க்ஸியர். தாம்சன் ஹோமரை எங்கே கண்டுகொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இளைஞர், 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருந்த பிளாஸ்கெட் தீவுக்குப் போகிறார். சிறிய தீவு. எல்லாரும் மீனவர்கள். ஐரிஷ் பேசுகிறவர்கள். அங்கே அந்த மொழியைக் கற்றுக்கொள்கிறார், திரும்பத் திரும்பப் போகிறார். அங்கே கிணற்றடியிலும் அடுப்படியிலும் சாதாரண ஜனங்கள் பேசுவதைக் கேட்கும்போதுதான் ஹோமரின் மொழி எப்படி உயிரோடு இருந்திருக்கும் என்று தனக்குப் புரிந்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்தத் தீவின் மொரிஸ் ஓ சல்லிவனை உட்கார்ந்து எழுதச் சொன்னதும் அவர்தான். 1933இல் வந்த அந்தத் தன்வரலாறு இன்றும் படிக்கப்படுகிறது. தீவில் இப்போது ஊர் இல்லை. 1953இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறிவிட்டன.

இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். இருவரும் கிரேக்கமும் லத்தீனும் படித்து வளர்ந்த உலகத்திலிருந்து வந்தவர்கள். இருவரும் ஒரு மீனவக் கிராமத்தின் முன்னால் நிற்கிறார்கள். ஒருவருக்கு அங்கே தூக்கம் தெரிகிறது. இன்னொருவருக்கு ஹோமர் கேட்கிறது. வித்தியாசம் படிப்பில் இல்லை. ஒருவர் தோண்டினார், இன்னொருவர் கேட்டார்.

கைலாசபதி இந்த இரண்டாவது வழியில் வந்தவர். ஹோமரின் கவிதை வாய்மொழியாகக் கட்டப்பட்டது, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் பாடகனின் கருவிகள் என்று மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் நிறுவியிருந்தார்கள். யுகோஸ்லாவியாவில் உயிரோடு இருந்த பாடகர்களைக் கேட்டு வந்த முடிவு அது. அதே கண்ணோடு சங்கப் பாட்டைப் பார்த்தார் கைலாசபதி. ஹோமருக்கு நிகர் நாம் என்று அவர் மார்தட்டவில்லை. இந்தப் பாட்டு எப்படி உண்டானது, யார் பாடினார், யார் சோறு போட்டார், பாணனும் பொருநனும் விறலியும் எந்தச் சமூகத்தில் நின்றார்கள் என்று கேட்டார். துறைகளையும் அடைமொழிகளையும் புலவரின் தனித் திறமை என்பதற்கு முன்னால், ஒரு கூட்டத்தின் பொதுச் சொத்து என்று வைத்துப் பார்த்தார்.

அவர் சொன்ன விடை முழுக்க நிற்கவில்லை. ஜார்ஜ் ஹார்ட், சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களை மாதிரியாகக் கொண்டவை, ஆனால் எழுதத் தெரிந்த புலவர்கள் செய்தவை என்றார். எனக்கும் ஹார்ட் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளை மேடையிலேயே கட்டிக்கொண்டு போகிற பாடகனுக்குத்தான் திரும்ப வரும் தொடர்கள் உயிர்நாடி. ஐந்து வரிக் குறுந்தொகைப் பாட்டில் அதற்கு இடமே இல்லை. ஒரு சொல்லை எடுத்தால் பாட்டு சரிந்துவிடும். ஹோமரின் சட்டையைச் சங்கப் பாட்டுக்குப் போட்டால் தோள் பொருந்தும், கை நீளமாகத் தொங்கும். அதோடு வீரயுகம் என்ற சட்டகத்துக்குள் மன்னனும் பாணனும்தான் நடுவில் வருவார்கள். உப்பு விற்கிறவளும் மீன் காயவைக்கிறவளும் நெய்தலில் இருக்கிறார்கள், அந்தச் சட்டகத்தின் ஓரத்தில்தான் அவர்களுக்கு இடம்.

இருந்தாலும் நான் கைலாசபதியைத் திரும்பப் படிக்கிறேன், வீலரை அப்படிப் படிப்பதில்லை. வீலரின் சான்று சரி, கேள்வி குறுகியது. கைலாசபதியின் விடை தப்பாக இருக்கலாம், கேள்வி இன்னும் திறந்திருக்கிறது. ஒரு பழைய பிரதியின் முன்னால் 'இதில் நான் எங்கே இருக்கிறேன்' என்று கேட்பதற்கும் 'இதைச் செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள்' என்று கேட்பதற்கும் நிறைய தூரம். முதல் கேள்வி பிரதியைக் கண்ணாடி ஆக்கும். இரண்டாவது கேள்விதான் அதை ஜன்னல் ஆக்கும்.

7

பெரிப்ளூஸைத் தொடர்ந்து படித்தால் ஒரு மாற்றம் தெரியும். செங்கடலிலும் குஜராத் கரையிலும் அவருக்கு எல்லாம் நுணுக்கமாகத் தெரிகிறது. பரூகச்சத்தின் கழிமுகத்தில் அலை ஏறி இறங்குவதைப் படிக்கும்போது, கப்பல் தரைதட்டுமோ என்று பயந்து நின்றவரின் குரல் கேட்கும். முசிறிவரை அந்தத் துல்லியம் இருக்கிறது. குமரியைத் தாண்டியதும் குரல் மாறுகிறது. தூரங்கள் மங்குகின்றன, பட்டியல் சுருங்குகிறது. கிழக்குக் கரையை அவர் நேரில் பார்க்கவில்லை, கேட்டு எழுதினார் என்று பல அறிஞர்கள் கருதுவது இதனால்தான்.

அப்படியானால் என் ஊரின் பெயரை முதலில் ஏட்டில் எழுதியவர் என் ஊரைப் பார்த்ததே இல்லை. முன்பு இதை நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்க வேண்டும். முசிறியிலோ நெல்கிந்தாவிலோ, மிளகு மூட்டை ஏற்றும் இடத்தில், கிழக்குக் கரையிலிருந்து சரக்கோடு வந்த ஒருவர், எங்கள் பக்கம் இந்தத் துறை உண்டு, இன்னின்ன கலம் கட்டுவோம், அதற்கு இது பெயர் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சித்திரம் என் ஊகம்தான். ஆனால் சங்கரா என்ற சொல் அவருக்கு ஒரு வாயிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிரேக்க மொழியில் அதற்கு ஒரு சொல் தேடிப் போடாமல், கேட்டபடியே எழுதிவைத்தார். தாம்சன் தீவில் செய்ததை இந்தப் பெயர் தெரியாத வியாபாரி துறைமுகத்தில் செய்திருக்கிறார்.

வந்து, மாதக்கணக்கில் தங்கி, தோண்டிப் பார்த்தவர் எங்களைத் தூங்குகிறவர்கள் என்று எழுதினார். வராதவர், கேட்டவர், கடல் கடக்கும் கப்பல் கட்டுகிறவர்கள் என்று எழுதினார்.

அந்த நூல் முடியும் விதமும் எனக்குப் பிடிக்கும். கடைசி அத்தியாயத்தில், இதற்கு அப்பால் உள்ள நாடுகள் புயலாலும் குளிராலும் கடக்க முடியாத இடங்களாலும், ஏதோ ஒரு தெய்வ சக்தியாலும், ஆராயப்படாமல் கிடக்கின்றன என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். இல்லாததைக் கட்டிச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தது இதுவரைதான் என்று எல்லை போட்டுக்கொண்ட ஒரு வேலைக்காரரின் கடைசி வரி அது.

இதையும் மாமாவிடம் சொன்னேன். மழை விட்டிருந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டே, "அவனுக்கு யார்ரா சொன்னது, நம்மாளா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் இருக்கும் மாமா."

"அப்ப அவன் பேரயும் எழுதியிருக்கலாம்ல" என்றார்.